ஏழரை சதவீதம்

மண்டபம் வடக்குக் கரை. தகரக் கொட்டகை.
இருபத்தெட்டு அடி அச்சுகள் கவிழ்ந்து கிடக்க
ஓரத்தில் என் மேசை.
ஆடக்கூடாதென்று நான்கு காலுக்கும்
சிமெண்ட் குழைத்தார் சகுபர் அலி.
தராசு, முகவை, கால் மீட்டர் எஃகுத் தொட்டி.
தொட்டியின் முனையில் கடிகாரம் போல ஒரு வட்ட முகம்.
மணி சொல்லாது.
மில்லிமீட்டரை நூறாய் வகுத்து
அதில் ஒன்று நகர்ந்தாலும் சொல்லிவிடும்.

ரெசின் நூறு. கோபால்ட் அரை.
நன்றாய்க் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்.
அவை இரண்டும் நேருக்கு நேர் பார்த்தால் கொட்டகை எரியும்.
கல்யாணப் பந்தியில் சில சம்பந்திகளைப்
பிரித்து உட்கார வைப்பது போல.

ஊற்றிவிட்டுக் காத்திருப்பேன்.
தண்ணியாய் இருக்கும்வரை சுருங்குவதில் வலி இல்லை.
மேல்மட்டம் தாழும்,
பக்கத்திலிருந்து ஓடி வந்து இட்டு நிரப்பிக்கொள்ளும்.
பதினெட்டாம் நிமிடம்
ஈர்க்குச்சியால் தொட்டுத் தூக்கினால் நூல் வரும்.
நூல் அறுந்தால் அவ்வளவுதான்.
இனி ஓட வழி கிடையாது.
இனிச் சுருங்குவதெல்லாம் உள்ளேயே இழுவையாய் நிற்கும்.

முள் அப்போது எதிர்ப்பக்கம் போகும்.
தன் சூட்டில் தானே கொஞ்சம் நீண்டு பார்க்கும் ரெசின்.
முதல் வாரம், கருவி கெட்டதென்று நினைத்தேன்.
பிறகு ஆறும். திரும்பும்.
புறப்பட்ட கோட்டைத் தாண்டிப்
போய்க்கொண்டே இருக்கும்.

தடைக்காலம் முடிந்த பதினோராம் நாள்
கிளாட்வினின் படகைப்
பாம்பனிலிருந்து கட்டி இழுத்து வந்தார்கள்.
எஞ்சின் பலகை ஓரம் மூன்று விரிசல்,
கோழிக்கால் போல.
"பார்ல இடிச்சிருக்கான்" என்றார் சகுபர்.
"பாருமில்ல பாறையுமில்ல" என்றான் அவன்.
இருவரும் என் மேசையைப் பார்த்தார்கள்.

பீப்பாய்க்கு ஒரு கோப்பை வார்த்துத்
தேதி எழுதி வைப்பது என் வழக்கம்.
ஜூன் ஆறு என்று எழுதிய கட்டியைத்
தங்கூசியில் கட்டித் தொங்கவிட்டேன்.
காற்றில் ஓர் எடை, நீரில் ஓர் எடை.
குழம்பாய் இருந்த நாளின் அடர்த்தி நோட்டில் இருந்தது.
வகுத்துக் கழித்தால்
ஐந்து புள்ளி ஏழு.
பீப்பாய்ச் சீட்டில் ஆறுக்குள் என்று போட்டிருந்தது.
சகுபர் டீ வரவழைத்தார்.
எனக்கு மட்டும் வடையும்.

சாயங்காலம் தங்கூசி காய்ந்தபோது
முடிச்சில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
முகவையில் எந்தத் தண்ணி என்று நம்புக்கனியைக் கேட்டேன்.
"கேன் காலிக்கா. போர்லதான் பிடிச்சேன்."
விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.
எங்கள் போர் பாதிக்கு மேல் கடல்.
உப்பு நீர் எதையும் கொஞ்சம் கூடவே தூக்கிப் பிடிக்கும்.
என் கட்டியையும் தூக்கியிருந்தது,
எல்லோருக்கும் தோதான ஓர் எண்ணுக்கு.

மறுநாள் உச்சிப்புளி போய்
பேட்டரித் தண்ணீர் ஐந்து லிட்டர் வாங்கி வந்தேன்.
புதுத் தங்கூசி. மூன்று முறை.
மூன்று முறையும் ஏழு புள்ளி ஐந்து.

"மொதல்ல வந்ததையே எழுதேன் ரெஜினாள்.
அதுவும் நீ அளந்ததுதான?"
நான் அளந்ததுதான்.
அதையும் எழுதினேன்,
பக்கத்தில் 'போர் நீர்' என்று குறித்து.

"ஏழரையா!"
கிளாட்வின் கைகொட்டிச் சிரித்தான்.
"வேதக்கார வீடு, எங்கம்மா ஜோசியமே பார்க்காது.
இப்ப பீப்பாயிலயே வந்து
உக்காந்துருக்கு பாருங்க."

சகுபர் சிரிக்கவில்லை.
மதுரை டீலருக்குப் போன் போட்டபடி வெளியே போனார்.
பேசியது காற்றில் கேட்கவில்லை.
ரெசினே மட்டமா,
கரையில் எல்லோரும் பறந்த அந்த வாரத்தில்
கேட்டலிஸ்ட் கை தவறிக் கூடிப்போனதா,
என் எண்ணுக்குத் தெரியாது.
எவ்வளவு என்றால் மட்டும் வாய் திறக்கும்.

தொட்டியில் நேற்று வார்த்தது கிடக்கிறது.
இரவு ரயில் போகும்போது
சிமெண்டையும் மீறி மேசை நடுங்குகிறது.
முள் துடிக்கிறது, அடங்குகிறது,
பழைய இடத்தில் அல்ல,
ஒரு கோடு தள்ளி.

மணி ஒன்பது நாற்பது.
எழுதிக்கொள்கிறேன்.